புதுப்பிப்பு: கொழும்பு ஈரத்தில் துளசி காயவைத்தல் – சரிவந்த வழி

வெள்ளவத்தை மாடிவீட்டில் வளர்த்த துளசி, காய்ந்த மாதிரி இருந்தும் போத்தலில் போட்டபின் பூஞ்சணம் பிடிக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது பூஞ்சணம் இல்லை, வாசமும் அப்படியே இருக்கிறது.

பலன் தந்தது, போத்தலுக்குள்ளேயே சின்ன ஈரப்பதமானி (காற்றிலுள்ள ஈரத்தை % கணக்கில் காட்டும் கருவி) வைக்கச் சொன்ன அண்ணாவின் யோசனை. முதலில் அதைச் சரிபார்த்தேன்: மூடிய டப்பாவில் ஈர உப்போடு ஒரு இரவு வைத்தால் 75% காட்ட வேண்டும். பிறகு கொத்துகளை இருட்டறையில் தொங்கவிட்டு, ஃபேன் காற்று நேரே படாமல் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். காம்பு வளையாமல் படக்கென்று முறிந்ததும் போத்தலில் போட்டேன்.

எதிர்பாராதது இங்கேதான். மூடியபோது ஐம்பதுகளில் நின்ற அளவு, மறுநாள் காலை எழுபதை நெருங்கியிருந்தது. நொறுங்கிய இலை மறுபடி துவண்டு கிடந்தது. தண்டுக்குள் தங்கிய ஈரம் இலைக்கு வந்துவிடுகிறது. வெளியே தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. திரும்ப எடுத்து உலர்த்தி, 60%க்குக் கீழே அசையாமல் நின்றபிறகுதான் இறுக மூடினேன்.

ஈரத்தை இழுக்க வறுத்த அரிசிப் பொட்டலம் போடச் சொன்ன அக்கா, அதையும் போட்டுப் பார்த்தேன், ஆனால் சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) அளவுக்கு இழுக்கவில்லை. சிலிக்கா ஜெல்லை, ஈரம் ஏறினால் நிறம் மாறும் வகையாக வாங்குங்கள், சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம்.

மழை நாளில் ஜன்னலைத் திறந்து காயவைக்க வேண்டாம். வெளிக்காற்றே 80%க்கு மேல் இருக்கும்போது இலை அதற்குக் கீழே காயாது.