பிராண்ட் கைப்பை வாங்கினால் முதலீடு என்கிறார்களே, இந்தக் கணக்கை நம்பலாமா?

பூங்கொடி:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். ரொம்ப நாளாக ஒரு இன்ஃப்ளூயன்சரைப் பின்தொடர்கிறேன். அடிக்கடி புதுப் பை ஒன்றைப் பெட்டியிலிருந்து பிரித்துக் காட்டுவார், கொஞ்ச நாள் தோளில் மாட்டிக்கொண்டு வீடியோ போடுவார், அப்புறம் "வாங்கின விலைக்கே விற்றுவிட்டேன், சில பைகளில் லாபமே வந்தது, இது செலவு இல்லை, முதலீடு" என்பார். கீழே நூற்றுக்கணக்கில் கமெண்ட், எல்லாரும் லிங்க் கேட்கிறார்கள்.

எனக்கு ஷனேல் கிளாசிக் ஃபிளாப், அதாவது மேலே மூடியும் சங்கிலி வாரும் உள்ள பை, அதன் மேல் பல வருட ஆசை. கறுப்பு, நடுத்தர அளவு. புதிதாக வாங்கும் நிலையில் இல்லை, செகண்ட் ஹேண்டில் வாங்குவதற்காகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். பிடித்திருக்கிறது, வாங்குகிறேன் என்றால் அதோடு முடிந்தது. ஆனால் "அவசரம் என்றால் விற்றுப் பணத்தை எடுத்துவிடலாம்" என்ற தைரியத்தில்தான் இவ்வளவு பெரிய தொகையைப் போடத் துணிகிறேன். அந்த தைரியம் சரியா? உண்மையிலேயே போட்ட பணம் திரும்ப வருமா? இந்தத் துறையை உள்ளிருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தோல்வாசம்:

பூங்கொடி, மறுவிற்பனைக் கடை ஒன்றில் வரும் பைகளைப் பார்த்து விலை மதிப்பிடுவதுதான் என் வேலை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

தளங்களில் நீங்கள் பார்ப்பது விற்பவர் கேட்கிற விலை. விற்ற விலை வேறு. கேட்ட விலையில் மாதக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கிற பைகள் ஏராளம். ஈபே மாதிரித் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது, கணக்குப் போடுவதென்றால் அந்த விலையை வைத்துப் போடுங்கள். அப்புறம் கமிஷன். கடையிடம் ஒப்படைத்து, விற்றபின் பணம் வாங்குகிற முறையில் கடை தன் பங்கை எடுத்துக்கொள்ளும், பொதுவாக விலை குறைந்த பொருளுக்குக் கமிஷன் விகிதம் அதிகம், விலை கூடக்கூட விகிதம் குறையும். உடனே கையில் பணம் வேண்டும் என்று நேரடியாகக் கடைக்கே விற்றால் இன்னும் குறைவு, ஏனென்றால் அது விற்காமல் போகும் அபாயத்தைக் கடை ஏற்கிறது. 100-க்கு வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். 95 என்று போடுகிறீர்கள், பேரம் பேசி 85-க்குப் போகிறது, அதில் ஐந்தில் ஒரு பங்கு கமிஷன் என்றால் உங்கள் கைக்கு வருவது 68. வீடியோவில் "95-க்குப் போட்டிருக்கிறேன்" என்பது மட்டும்தான் வரும்.

அவசரத்துக்கு விற்கலாம் என்கிறீர்களே, எனக்குக் கவலை அங்கேதான். இதே வேலையில் அடிக்கடி பார்க்கிறேன், அவசரமாக வருபவர்களுக்குத்தான் குறைந்த விலை கிடைக்கிறது. காத்திருக்க முடிந்தவருக்குத்தான் நல்ல விலை.

இன்னொன்று, பையின் நிலை. பை எங்கள் மேசைக்கு வந்ததும் நாங்கள் லோகோவைப் பார்ப்பதற்கு முன் அதைக் கவிழ்த்து நான்கு மூலைகளைத்தான் பார்ப்போம். தேய்மானம் அங்கேதான் தொடங்கும். தோலின் நிறம் வெளுத்து, அதற்கும் மேலே போனால் உள்ளே இருக்கும் அடுக்கு நூல் நூலாக எட்டிப் பார்க்கும். அடுத்தது சங்கிலி நுழைகிற உலோக வளையங்கள், அவற்றைச் சுற்றித் தோல் இழுபட்டு நீள்வட்டமாகியிருக்கிறதா என்று பார்ப்போம். அதன்பிறகு மூடியைத் தூக்கி முகர்ந்து பார்ப்போம், ஆமாம், நிஜமாகவே மூக்கை உள்ளே வைத்து. சென்ட், சிகரெட், ஈரம் எல்லாம் உட்புறத்தில் ஏறிவிட்டால் எளிதில் போகாது. லிப்ஸ்டிக் கறை, பேனா கோடு, எதையும் அடைக்காமல் வைத்ததால் உட்கார்ந்துபோன வடிவம், இவை ஒவ்வொன்றுக்கும் விலை இறங்கும். வெளியே கொடுத்துச் சாயம் பூசியிருந்தால் இன்னும் இறங்கும். தினமும் தூக்கிக்கொண்டு போகும் பைக்கு இதெல்லாம் நடந்தே தீரும், அதில் தப்பே இல்லை, பை அதற்குத்தானே. ஆனால் தினமும் உபயோகிப்பது, வாங்கின விலைக்கே விற்பது, இரண்டும் ஒன்றாக நடப்பது ரொம்ப அபூர்வம்.

வரவு_செலவு:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த இன்ஃப்ளூயன்சரின் கணக்கும் உங்கள் கணக்கும் ஒன்றல்ல. அவருக்குப் பை பிராண்டிடமிருந்தோ மறுவிற்பனைத் தளத்திடமிருந்தோ இலவசமாக வந்திருக்கலாம், வாடகைக்கு எடுத்திருக்கலாம், சொந்தக் காசில் வாங்கியிருந்தாலும் அந்த லிங்கிலிருந்து வரும் கமிஷனும் விளம்பர வருமானமும் விலை இறங்கியதை ஈடுகட்டிவிடும். உங்களுக்கு அந்த வரவு எதுவுமே கிடையாது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு டியோர் சாடில் பை நல்ல உதாரணம். வடிவமைப்பாளர் ஜான் கலியானோ காலத்துப் பை, 2000-களின் தொடக்கத்தில் பெரிய மோகம், அப்புறம் பழசாகிப் போனது. 2018 ஜூலையில் அதை மறுபடி கொண்டுவந்தபோது, ஒரே நாளில் உலகம் முழுக்க நூறு இன்ஃப்ளூயன்சர்கள் அளவில் அதே பையோடு படம் போட்டார்கள். அந்த ஒரு நாளில் எங்கே திரும்பினாலும் அந்தப் பைதான். அதற்கப்புறம் பல வருடமாக அலமாரியில் கிடந்த பழைய சாடில்களுக்கும் மறுவிற்பனையில் கிராக்கி ஏறியது. அப்போது லாபம் பார்த்தது யார்? ஏற்கெனவே கையில் வைத்திருந்தவர்கள். வீடியோ பார்த்துவிட்டு வாங்கப் போனவர்கள் ஏறின விலையில்தான் வாங்கினார்கள். ஒரு பை உங்கள் திரைக்கு வருகிறது என்றாலே பெரும்பாலும் விலை ஏறி முடிந்திருக்கும், எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

"தங்கத்தைவிட, பங்குச் சந்தையைவிட பர்கின் நல்ல முதலீடு" என்று ஒரு வாக்கியம் எல்லா வீடியோவிலும் வரும், கவனித்திருப்பீர்கள். பர்கின் என்பது எர்மெஸ் நிறுவனத்தின் பை. 2016-இல் வெளிவந்த ஒரு ஆய்வுதான் அதற்கு மூலம். அதை வெளியிட்டது பேக்ஹண்டர், ஆடம்பரப் பைகளை மறுவிற்பனை செய்கிற நிறுவனம். ஆய்வு பொய் என்று சொல்ல வரவில்லை, ஆனால் சரக்கை விற்பவரே சரக்குக்குச் சான்றிதழும் கொடுக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும்.

பர்கின் லாபக் கணக்கிலும் ஒரு பாதி மறைந்திருக்கிறது. எர்மெஸ் கடையில் காசு கொடுத்தவுடன் அந்தப் பை கிடைத்துவிடாது. அங்கே ஸ்கார்ஃப், செருப்பு, நகை என்று வாங்கிப் பழக்கமான வாடிக்கையாளருக்குத்தான் கிடைக்கும் என்று வாங்குபவர்கள் எல்லாரும் சொல்வார்கள். இதை எதிர்த்து 2024 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் வழக்கே போட்டார்கள், 2025-இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. ஆக "இந்த விலைக்கு வாங்கி இரண்டு மடங்குக்கு விற்றேன்" என்பவர், அந்தப் பைக்காக வாங்கிக் குவித்த மற்ற பொருள்களின் விலையையும் அதோடு சேர்த்தால்தான் லாபமா நஷ்டமா என்று தெரியும்.

பழைய_பெட்டி:

மேலே இரண்டு பேரும் சொன்னது சரிதான், ஆனால் படித்துவிட்டுப் பூங்கொடி பையே வேண்டாம் என்று போய்விடக் கூடாதே. நான் பழைய பைகளை மட்டுமே வாங்குபவள். மறுவிற்பனைச் சந்தை இருப்பதால்தான் நம்மைப் போன்றவர்கள் இப்படிப்பட்ட தோல், இப்படிப்பட்ட வேலைப்பாட்டைக் கையில் தொட முடிகிறது. புதிதாக வாங்கியவர் முதல் அடியை வாங்கிக்கொள்கிறார், இரண்டாவதாக வாங்குபவருக்கு அந்த நஷ்டம் இல்லை. நிதானமாகத் தேடி, சந்தை விலைக்குக் கொஞ்சம் கீழே வாங்கினால், பிற்பாடு விற்கும்போது அடி பலமாக இருக்காது.

ஷனேல் பற்றி ஒன்று. கிளாசிக் ஃபிளாப் விலை வைத்து நிற்பதற்கு முக்கியக் காரணம் ஷனேலே புதுப் பையின் விலையைத் தொடர்ந்து ஏற்றியது. 2019-இல் அமெரிக்காவில் 6,000 டாலருக்குள் இருந்த நடுத்தர அளவு, 2023-இல் 10,000 டாலரைத் தாண்டியது. புதுசு ஏறினால் பழசும் கூடவே ஏறும். அந்த நாலு வருடத்தில் விற்றவர்கள் சொல்வது உண்மைதான், லாபம் வந்திருக்கும். அதே வேகம் இனியும் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பர்கினுக்கே கடை விலைக்கு மேல் கிடைக்கும் கூடுதல் தொகை 2022-ஐவிட இப்போது குறைந்திருக்கிறது.

கிளாசிக் ஃபிளாப், பர்கின், எர்மெஸின் இன்னொரு பையான கெல்லி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில பைகள்தான் விலையில் நிற்கும். அந்த சீசனின் பூப்போட்ட பை, உள்ளங்கை அகல மினி பை, விசித்திர நிறம், இவையெல்லாம் பெரும்பாலும் கடையை விட்டு வெளியே வந்ததுமே விலை விழும். நீங்கள் கேட்கிற கறுப்பு நடுத்தர அளவு பாதுகாப்பான பக்கம்தான். முடிந்தால் 2008-க்கு முந்தையதைத் தேடுங்கள். அந்தக் காலத்துப் பூட்டிலும் சங்கிலியிலும் 24 காரட் தங்க முலாம் இருக்கும், அதனால்தான் சேகரிப்பவர்கள் அதை விரும்புகிறார்கள். புதியவற்றைவிட விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

பர்கின் முதலீட்டுக்கு ஆதாரமாக எல்லாரும் காட்டுவது 2025 ஜூலையில் பாரிஸில் சோத்பீஸ் நடத்திய ஏலம். அந்தப் பைக்குப் பெயர் தந்த நடிகை, பாடகி ஜேன் பர்கினுக்காகச் செய்த முதல் பை 86 லட்சம் யூரோவுக்குப் போனது. அவர் பல வருடம் கையில் வைத்திருந்த பை அது, கீறலும் தேய்மானமுமாகத்தான் இருந்தது. அந்த விலை அவருடைய வாழ்க்கைக்குக் கொடுத்தது. அதை வைத்து நம் அலமாரியில் இருப்பதற்கு மதிப்புப் போடக் கூடாது.

பூங்கொடி:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. அவசரத்துக்கு விற்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுகிறேன், அவசரத்துக்கான பணத்தைத் தனியாக வங்கியிலேயே வைக்கிறேன். பை ஆசைக்காக, அதற்கென்று சேர்த்ததில் மட்டும். இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். போலியை எப்படித் தெரிந்துகொள்வது? சீரியல் நம்பர் அட்டை இருந்தால் போதும் என்று அந்த வீடியோவில் சொன்னார்கள். அப்புறம், மென்மையான ஆட்டுக்குட்டித் தோலா, பொடிப்பொடியாகப் புள்ளி வைத்த கேவியார் தோலா, எது எடுப்பது?

தோல்வாசம்:

அட்டை போதவே போதாது. பையைவிட அட்டையைப் போலியாகச் செய்வது சுலபம். சீரியல் நம்பரை மட்டும் நம்புவதும் ஆபத்து. 2024 பிப்ரவரியில் நியூயார்க்கில், பழைய ஆடம்பரப் பொருள்களை விற்கும் ஒரு பெயர்பெற்ற நிறுவனத்துக்கு எதிராக ஷனேல் தொடுத்த வழக்கில் ஜூரி 40 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. தொழிற்சாலையிலிருந்து திருடப்பட்ட சீரியல் நம்பர்களோடு இருந்த பைகளும் அந்த வழக்கில் பேசப்பட்டன. அவ்வளவு பெரிய கடையிலேயே இந்த நிலைமை. 2021-இலிருந்து ஷனேல் பைகளில் சீரியல் நம்பர் ஸ்டிக்கரும் அட்டையும் போய், உள்ளே சின்ன உலோகத் தகடும் சிப்பும் வந்துவிட்டன. அதனால் அதற்குப் பிந்திய பை என்று சொல்லி அட்டையை நீட்டினால் அப்போதே சந்தேகப்படுங்கள்.

கண்ணால் பார்க்க முடிந்தவை சில இருக்கின்றன. பின்பக்கப் பாக்கெட்டில் வைர வடிவத் தையல் கட்டங்களின் கோடு, பையின் உடலில் இருக்கும் கோட்டோடு பிசிறில்லாமல் பொருந்த வேண்டும். இரண்டு "சி" கோக்கும் பூட்டில், மேலே வலது "சி" இடதின் மேல் போகும், கீழே இடது "சி" வலதின் மேல் போகும். தையல் நெருக்கமாக, ஒரே சீராக இருக்கும். ஆனால் இப்போதைய நல்ல போலிகள் இதையெல்லாம் தேறிவிடுகின்றன, அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குத் துரோகம் செய்த மாதிரி. அதனால் போலி என்று தெரிந்தால் முழுப் பணமும் திருப்பித் தருவதாக எழுத்தில் கொடுக்கிற இடத்தில் வாங்குங்கள், அந்த உத்தரவாதத்துக்குக் கெடு உண்டா என்று படித்துப் பாருங்கள், திருப்பி அனுப்பும் நாட்கள் முடிவதற்குள் கடையோடு சம்பந்தமில்லாத வேறொருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கொடுக்கும் கட்டணம் வீண் இல்லை. மெசேஜில் வந்து "தெரிந்தவர் மூலம் வந்தது, குறைவாகத் தருகிறேன்" என்பவரிடம் போகவே போகாதீர்கள், அவருக்கு எத்தனை லட்சம் ஃபாலோயர் இருந்தாலும்.

தோல் விஷயத்தில், தினசரி உபயோகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கேவியார். ஆட்டுக்குட்டித் தோல் தொட்டுப் பார்க்க அவ்வளவு அருமையாக இருக்கும், ஆனால் நகம் பட்டாலே கோடு விழும், மூலையும் சீக்கிரம் தேயும். வாங்கும் முன் நான்கு மூலைகளையும் வெயில் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அடுத்த பையைப் பாருங்கள்.

பழைய_பெட்டி:

பூங்கொடி, வாங்கியதும் உள்ளே மெல்லிய காகிதத்தைச் சுருட்டி அடைத்து, துணிப்பைக்குள் நிமிர்த்தி வையுங்கள், சங்கிலியை உள்ளே போடுங்கள், இல்லாவிட்டால் தோலில் தடம் பதியும். பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடாதீர்கள். ஏதாவது லிங்க் பார்த்து வைத்திருந்தால் இங்கே போடுங்கள், விற்று முடிந்த விலைகளோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.