அன்னா கெர்மனின் கல்லறையில் ஒரு நவம்பர் மாலை

வார்சா நகரின் வோலா பகுதியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டி, ஞாயிறுதோறும் காலையில் பழைய இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிடுவார். போலிஷ் மொழி எனக்கு அப்போது கடையில் ரொட்டி வாங்கும் அளவுக்கே தெரியும்; ஆயினும் சுவருக்கு அப்பாலிருந்து வந்த அந்தப் பெண்குரல், கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்கவைத்தது. யார் பாடுகிறார் என்று ஒருநாள் கேட்டேன். உறையை என் கையில் கொடுத்து, "அன்னா கெர்மன்" என்றார்.

அவர் துண்டு துண்டாகச் சொன்னவற்றையும் பின்னர் நானே தேடிப் படித்தவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, அந்தக் குரலில் எங்கிருந்து அவ்வளவு அமைதி வந்தது என்ற வியப்பே மிஞ்சியது. 1936இல் உஸ்பெகிஸ்தானின் உர்கெஞ்சில் பிறந்தவர் அன்னா. கணக்கராக இருந்த தந்தையை ஸ்டாலின் கால ஒடுக்குமுறையில் கைதுசெய்து 1938இல் சுட்டுக் கொன்றார்கள். போருக்குப் பின் தாயும் பாட்டியும் அவரைப் போலந்துக்கு அழைத்து வந்தார்கள். விராட்ஸ்வாஃப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்துப் பட்டம் பெற்ற பிறகே அவர் முழுநேரப் பாடகியானார். 1964இல் 'நடனமாடும் யூரிடிசிகள்' பாடல் விழா மேடைகளில் பரிசுகளைப் பெற்றுத் தந்தது. 1967இல் இத்தாலியின் சான் ரெமோ விழாவிலும் பாடினார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், கச்சேரி முடிந்து மிலானுக்குத் திரும்பும் வழியில், ஓட்டுநர் கண்ணயர்ந்ததால் கார் மோதியது. வெளியே தூக்கி எறியப்பட்ட அன்னா பல நாள் நினைவின்றிக் கிடந்தார். உடலெங்கும் எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் பிளாஸ்டர் கட்டோடு படுத்திருந்தார். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மூதாட்டி பேச்சை நிறுத்திவிடுவார். மேடைக்குத் திரும்ப ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. 1970இல் அவர் பாடிய, தாமே இசையமைத்த 'மனித விதி' என்ற பாடலைத்தான் நான் ஞாயிறுதோறும் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனை வலிக்குப் பின்னும் அந்தப் பாட்டில் புலம்பலே இல்லை. அருகில் அமர்ந்து ஆறுதல் சொல்பவரின் குரலாகவே அது எனக்குக் கேட்கிறது. அவர் பாடியவற்றுள் மிகச் சிறந்தது அதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

நவம்பர் 1, புனிதர் அனைவர் நாள். போலந்து முழுவதும் மக்கள் கல்லறைகளுக்குச் சென்று விளக்கேற்றும் அந்த மாலையில், மூதாட்டி என்னையும் ஷித்னியா தெருவில் உள்ள சீர்திருத்த திருச்சபைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். 1982இல், 46ஆம் வயதில், எலும்புப் புற்றுநோயால் இறந்த அன்னா அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்லில் இசைக்குறிகளோடு, 'ஆண்டவர் என் மேய்ப்பர்' என்னும் விவிலியச் சங்கீத வரி செதுக்கப்பட்டிருந்தது. சாமந்திப் பூக்களுக்கு இடையே கண்ணாடிக் கூண்டு விளக்குகள் நிறைந்திருந்ததால், எங்கள் விளக்கை வைக்க இடம் தேட வேண்டியிருந்தது. ஈரக்காற்றில் தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது.

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் ரஷ்ய மொழியில் மெல்லப் பாடத் தொடங்கினார்கள். அது பாக்முத்தோவா இசையமைத்த 'நம்பிக்கை'. சோவியத் நாடு முழுவதும் அன்னாவின் குரலில் அறிந்த பாடல். மூதாட்டிக்கு அதன் சொற்கள் எல்லாம் தெரிந்திருந்தன. மூன்றாம் தீக்குச்சியை நான் உள்ளங்கையால் மறைத்துப் பற்றவைத்தபோது, அவரும் அவர்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்.