விக்கா வட்டத்துக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? பார்த்ததை மட்டும் எழுதுங்கள்

லண்டனிலிருந்து (தொடக்கப் பதிவு)

ஹாலோவீன் வரும் அக்டோபர் கடைசி வந்தால் போதும், அதே கேள்விகள் வரிசை கட்டிவிடும். விக்கா என்றால் பில்லி சூனியமா? சாத்தானைக் கும்பிடுகிறார்களா? பெண்கள் மட்டும்தானா? துணியில்லாமல் ஆடுகிறார்களாமே? பொதுச் சடங்குகளில் நின்றவர்களும் நடத்தியவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உடம்பு சிலிர்த்தது, நிழல் நகர்ந்தது என்பதெல்லாம் வேண்டாம். என்ன வைத்தார்கள், எவ்வளவு வைத்தார்கள், எங்கே சொதப்பியது, ஏன் சொதப்பியது என்று எழுதுங்கள்.

முதல் கேள்விக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். ‘விட்ச்’ என்ற சொல்லைத் தமிழில் ‘சூனியக்காரி’ ஆக்குவதால்தான் பாதிக் குழப்பம். சூனியம் என்றாலே நமக்கு அடுத்தவருக்கு வைப்பது. விக்கா ஒரு வழிபாட்டு நெறி: ஒரு தேவி, கொம்புள்ள ஒரு தேவன், ஆண்டுக்கு எட்டுப் பருவ விழாக்கள், முழுநிலா நாள் வழிபாடு. சாத்தான் கிறிஸ்தவத்தின் ஆள். இவர்கள் கதையில் அவருக்கு வேலையே இல்லை. ஆண்களும் உண்டு, அவர்களுக்கும் அதே ‘விட்ச்’தான். ‘வார்லாக்’ என்று கூப்பிட்டுவிடாதீர்கள். பழைய ஆங்கிலத்தில் அது வாக்குத் தவறியவன் என்று பொருள்படும் வசவு.

ஆதிகால மதம் என்று யாராவது அளந்தால் தலையாட்ட வேண்டாம். விக்காவை உலகறியச் செய்தவர் ஜெரால்ட் கார்டனர் (1884–1964). பதின்ம வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி. 1936இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு குழு தனக்குத் தீட்சை கொடுத்ததாகச் சொன்னார். 1735ஆம் ஆண்டின் விட்ச்கிராஃப்ட் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகுதான் வெளிப்படையாகப் பேச முடிந்தது. 1954இல் புத்தகமே போட்டுவிட்டார். அவர் 1910இல் கொழும்பில் ஃப்ரீமேசன் எனும் சடங்குச் சங்கத்தில் சேர்ந்தவர், அங்கும் இவை உண்டு என்பது தெரிந்தால், விக்காவில் ஏன் மூன்று படிநிலைத் தீட்சை, ஏன் கண்கட்டு என்பதெல்லாம் தானாகப் புரியும். சடங்கு வாசகங்களுக்கு அழகு கொடுத்தவர் 1953இல் தீட்சை பெற்ற டோரீன் வேலியன்டே. பிரைட்டனில் அவர் குடியிருந்த கட்டடத்தில் 2013இல் புகழ்பெற்றவர் வாழ்ந்த இடத்தைக் குறிக்கும் நீலப் பலகை வைத்தார்கள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்கள் மதம் விக்கா என்று எழுதியவர்கள் சுமார் 13,000 பேர். விக்காவையும் உள்ளடக்கும் பொதுப்பெயரான ‘பேகன்’ என்று எழுதியவர்கள் 74,000.

குரொய்டனிலிருந்து

வட்டம் போடுவதைப் பற்றி எழுதுகிறேன், மற்றதெல்லாம் அதற்குள்தான்.

கார்டனர் மரபில் வட்டம் 9 அடி விட்டம். நாலரை அடிக் கயிற்றை நடுவில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையைப் பிடித்து இன்னொருவர் சுற்றி வந்தால் கோடு கிடைத்துவிடும். பதின்மூன்று பேர் கொண்ட ‘கவென்’ (விக்கா குழு) என்று படித்துவிட்டு அத்தனை பேரையும் இதற்குள் அடைப்பவர்கள் உண்டு. நடுவில் பீட மேசையும் வைத்தால் ஏழெட்டுப் பேருக்கு மேல் நின்றால் முழங்கை இடிக்கும், அங்கியின் கை மெழுகுவத்தியில் படும். பொதுச் சடங்கில் ஆள் அதிகம் என்றால் வட்டத்தைப் பெரிதாக்குவதுதான் வழி. அளவுக்காக யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

வரிசை இப்படிப் போகும். துடைப்பத்தால் இடத்தைக் கூட்டுவது. உண்மையில் தரையில் படாமல் ஒரு விரற்கடை மேலே. ஒரு கிண்ணத்தில் தண்ணீர், சிறு தட்டில் உப்பு. அத்தமே எனப்படும் கறுப்புக் கைப்பிடிக் கத்தியின் நுனியைத் தண்ணீரில் வைத்துச் சுத்திகரிப்பு வாசகம், அடுத்து உப்புக்கும் அப்படியே. பிறகு கத்தி நுனியில் மூன்று சிட்டிகை உப்பை எடுத்துத் தண்ணீரில் சேர்த்துக் கலக்குவார்கள். கிழக்கில் தொடங்கி வலஞ்சுழியாக, கத்தி முனையைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி ஒரு சுற்று. அதே பாதையில் உப்புத் தண்ணீர் தெளித்து ஒரு சுற்று, தூபத்தோடு ஒரு சுற்று. அதன்பின் நான்கு திசைக் காவலர்களை அழைப்பது: கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு மண். தேவியையும் தேவனையும் அழைத்த பிறகுதான் விழாவோ வேண்டுதலோ. கடைசியில் ரொட்டியும் மதுவும் பகிர்வு, வந்த சக்திகளுக்கு நன்றி, வட்டத்தைக் கலைப்பது. குழுவுக்குக் குழு சின்னச் சின்ன மாற்றம் இருக்கும்.

அதிகம் சொதப்புவது திசையில். மேசையில் கிடக்கும் எஃகுக் கத்திக்குப் பக்கத்திலேயே போனை வைத்துத் திசைகாட்டி பார்ப்பார்கள்; இரும்பு அதை இழுத்துவிடும், தெற்கு என்று நினைத்துத் தென்மேற்கில் சிவப்பு மெழுகுவத்தி ஏற்றப்பட்டிருக்கும். மேசையிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, யாரும் வருவதற்கு முன்பே பார்த்துத் தரையில் குறித்துவிடுங்கள். அடுத்தது, நடுவில் ஒருவருக்குக் கழிப்பறை போக வேண்டியிருக்கும். அதற்கும் முறை இருக்கிறது: கத்தியால் காற்றில் ஒரு வாசல் ‘வெட்டி’, ஆள் போனதும் மூடி, திரும்பி வரும்போது மறுபடி திறப்பது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் புதியவர் அரைமணி நேரம் நெளிய வேண்டியிருக்காது.

வில்ட்ஷயரிலிருந்து

மேலே சொன்னதை அப்படியே வெளியில் செய்யக் கிளம்பாதீர்கள். மூன்று விஷயம் மாறும்.

முதலில் கத்தி. பிரிட்டனில் பொது இடத்தில் மடங்காத கத்தியை நியாயமான காரணமில்லாமல் வைத்திருப்பது குற்றம். மதக் காரணம் ஒரு தற்காப்பாகச் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் அதை நிறுவ வேண்டியது நீங்கள்தான். ரயில் நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்லும்போது தத்துவம் எடுபடாது. திறந்தவெளிக் குழுக்கள் பலவும் மரக்கோலையோ ஆள்காட்டி விரலையோ பயன்படுத்துகிறார்கள். சடங்குக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது உப்பு. வட்டக் கோட்டுக்கு ஒரு பாக்கெட் உப்பைப் புல்லில் கொட்டுவது படத்தில் அழகாக இருக்கும், அடுத்த மாதம் அங்கே வளையமாகப் புல் கருகியிருக்கும். உப்பு மண்ணில் தங்கி வேரிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். வெளியில் கோடு வேண்டுமென்றால் மாவு, உதிர்ந்த இலை, இல்லையென்றால் வெறும் நடை போதும்.

மூன்றாவது எரிச்சல் மூட்டுவது. ஏவ்பரிக்குப் பக்கத்தில் வெஸ்ட் கென்னட் என்ற கற்காலப் புதைமேடு, ஐயாயிரம் ஆண்டைத் தாண்டியது. அதன் உள்ளறைக் கல் இடுக்குகளில் தகரக் கிண்ணத்தில் வரும் சிறு மெழுகு விளக்குகளை (டீலைட்) ஏற்றிவைத்துவிட்டுப் போகிறார்கள். புகைக் கரி கல்லில் படியும், மெழுகு நுண்துளைக்குள் இறங்கும், ஒரே இடத்துச் சூடு கல்லை விரிசல் விட வைக்கும். சுரண்டினால் இன்னும் கெடும். பூமியை வணங்குகிறேன் என்று வந்து செய்கிற வேலை இது! காணிக்கை வைத்தே ஆக வேண்டும் என்றால் வெளியே புல்லில் ஒரு கை தண்ணீர் ஊற்றுங்கள். கார்ன்வாலில் மேட்ரன் கிணற்றருகே மரத்தில் துணி கட்டும் வழக்கம் பழையது. நம் ஊர்க் கோயில் மரங்களில் தொட்டில் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். அங்கே தத்துவமே துணி மக்க மக்க நோவும் கரையும் என்பதுதான். நைலான் ரிப்பன் மக்காது, கிளையை மட்டும் இறுக்கும். சாயமில்லாத பருத்தியைத் தளர்வாகக் கட்டுங்கள்.

மெல்பர்னிலிருந்து

தென்னரைக்கோளத்தில இருக்கிற ஆக்களுக்கு மேலே சொன்னது பாதி தலைகீழ். கடையில பூசணி விக்கிற அக்டோபர் 31 இங்க வசந்தம். அண்டைக்கு இங்கத்தைய கூட்டங்கள் பெரும்பாலும் பெல்டேன் கொண்டாடுவினம். இறந்த ஆக்களை நினைக்கிற சவ்வின் எங்களுக்கு ஏப்ரல் 30 – மே 1. (எழுத்தைப் பாத்து சாம்ஹெய்ன் எண்டு வாசிக்காதேங்கோ, சவ்வின்தான்.) குளிர்கால யூல் ஜூன் 21 அளவில. சூரியன் இங்க வடக்குப் பக்கமாச் சுத்திறதால நெருப்பு வடக்கில, மண் தெற்கில. சூரியன் போற வழி எண்டா இடஞ்சுழி. ஆங்கிலப் புத்தகத்தைப் பாத்து வலஞ்சுழியே செய்யிற குழுக்களும் இருக்கு, அதால போகேக்க எந்தப் பக்கம் எண்டு முதலே கேட்டிடுங்கோ. இல்லாட்டி பக்கத்து ஆளோட முட்டுப்பட வேண்டி வரும்.

டிசம்பர் நடுக்கோடை விழாவுக்கு நெருப்புத் தடை அறிவிப்பைப் பாக்காமல் வெளியில போகாதேங்கோ. முழுத்தடை நாளில வெளியில நெருப்பு மூட்டேலாது. பற்றரி விளக்கை வச்சுச் செய்யிறதுதான் ஒரே வழி.

மான்செஸ்டரிலிருந்து

சேர்வது பற்றிக் கேட்டவருக்கு. தனியாகவே செய்யலாம், இன்று பெரும்பாலோர் அப்படித்தான். கார்டனர் மரபிலும் அதன் கிளையான அலெக்சாண்ட்ரியன் மரபிலும் மட்டும் ஏற்கெனவே தீட்சை பெற்றவர்தான் தீட்சை கொடுக்க முடியும். நாட்டு மருந்து, நிலாச் சடங்கு என்று செய்துகொண்டு தன்னை ‘விட்ச்’ என்று சொல்லும் எல்லோரும் விக்கா அல்ல, அதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தேடுபவர் முதலில் போக வேண்டியது ‘மூட்’ எனும் மாதக் கூடுகை, பெரும்பாலும் ஒரு பப்பின் மாடியில் நடக்கும். பிறகு பொது விழாக்கள். குழு உங்களையும் நீங்கள் குழுவையும் பார்க்க வழக்கமாக ஓர் ஆண்டும் ஒரு நாளும். 18 வயதுக்குக் கீழே எடுப்பதில்லை. தீட்சைக்குக் காசு வாங்குவதில்லை. அது இந்த மரபுகளில் கறாரான விதி. மண்டப வாடகைக்கும் மெழுகுவத்திக்கும் பங்கு கேட்டால் சரி. ‘முதல் படிக்கு இவ்வளவு’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தீட்சைக்கு ஈடாக உடலுறவு கேட்பது, வீட்டாரோடு பேசாதே என்பது, கேள்வி கேட்டால் ‘உன் ஆற்றல் கெட்டுவிட்டது’ என்பது, இவற்றில் ஒன்று போதும். இரண்டாவதுக்குக் காத்திருக்க வேண்டாம்.

துணி விஷயம்: கார்டனர் நிர்வாண முகாம்களில் ஈடுபாடுள்ளவர், அவருடைய பிரிக்கெட் வுட் குழு கூடிய இடமே அப்படி ஒரு முகாமை ஒட்டியதுதான். அந்த மரபில் இன்றும் சில குழுக்கள் மூடிய அறையில் அப்படிச் செய்வதுண்டு. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஸ்கைக்ளாட்’ என்று பெயர். வானத்தை உடுத்தியவர் என்றால் நமக்குத் தெரிந்த திகம்பரர்தான், சமணத்திலிருந்து போன சொல்லாக இருக்கலாம். பொதுச் சடங்கில் எல்லோரும் அங்கியோடோ ஜீன்ஸோடோதான் நிற்பார்கள்.

வசியம் செய்து தருவார்களா என்று கேட்டு எனக்குத் தனிச்செய்தி போடாதீர்கள். ‘யாருக்கும் கேடில்லையெனில் உன் மனம்போல் செய்’ என்பது விக்காவின் நெறிவாசகம். இன்னொருவர் மனத்தை அவருக்குத் தெரியாமல் திருப்புவதைப் பெரும்பாலான குழுக்கள் கேட்டின் கணக்கில்தான் வைக்கின்றன.

லெஸ்டரிலிருந்து

வீட்டில் தனியாகச் செய்பவர்களுக்கு, தீயணைப்பு வண்டி வராமல் இருக்க.

தூபத்துக்கு விற்கும் வட்டக் கரியில் சீக்கிரம் பற்றுவதற்கு வெடியுப்பு கலந்திருக்கும். அதனால்தான் பற்றவைத்ததும் பொறி பறக்கிறது. சிரட்டைக் கனலில் சாம்பிராணி போட்டுப் பழகிய கை, இதை விரலில் பிடித்துச் சுட்டுக்கொள்ளும். இடுக்கியில் பிடியுங்கள். கனமான கிண்ணத்தில் இரண்டு அங்குலம் மணல், அதன் மேல் கரி, அடியில் ஓடு அல்லது பலகை. மேற்பரப்பு முழுக்கச் சாம்பல் பூக்கும்வரை பொறுத்து, பிறகு பிசினை ஒரு பட்டாணி அளவு மட்டும் போடுங்கள். ஒரு கரண்டி கொட்டினால் மணம் வராது, கரும்புகைதான் வரும், புகை அலாரம் கத்தும். ஜன்னல் ஒன்று திறந்தே இருக்கட்டும். எரியும் கரி கார்பன் மோனாக்சைடு விடும், அதற்கு வாசனை கிடையாது.

மெழுகுவத்தியில் எண்ணெய் தடவி உலர் மூலிகையில் உருட்டுவது வீடியோக்களில் ரொம்பப் பிரபலம். அந்த ரோஸ்மேரி ஒவ்வொன்றும் ஒரு திரி. சுடர் கீழிறங்கியதும் பக்கவாட்டில் பற்றிக்கொள்ளும். எண்ணெய் இரண்டு சொட்டு போதும், மூலிகையை மெழுகுவத்தியைச் சுற்றித் தட்டில் தூவுங்கள். டீலைட்டுகளை நெருக்கி அடுக்க வேண்டாம், 10 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். ஒன்றின் சூடு மற்றதன் மெழுகைக் கொதிக்க வைத்து மொத்தமும் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது; காயும் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விட்ட கதைதான். மூடி போட்டு அமுக்குங்கள்.

கல்லை நிலா வெளிச்சத்தில் வைத்த நீரில் ஊறவைத்து அந்த நீரைக் குடிப்பவர்கள் கவனிக்க: செலினைட் என்பது ஜிப்சம், தண்ணீரில் மெல்லக் கரைந்து பளபளப்பு போய்விடும். மலாகைட்டில் இருப்பது தாமிரம், அந்தத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது. கல்லைக் கண்ணாடி டம்ளருக்கு வெளியே சாய்த்து வையுங்கள். பூனை இருக்கும் வீட்டில் டீ ட்ரீ எண்ணெய் வேண்டவே வேண்டாம், அதற்கு அது நஞ்சு. மக்வர்ட் எனும் மாசிபத்திரி இனத்து மூலிகையைக் கர்ப்பிணிகள் தொடாமலிருப்பது நல்லது.

குரொய்டனிலிருந்து

ரொட்டி–மது பகிர்வில் குடிக்காதவர் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். ஆப்பிள் ஜூஸ் வைக்கும் குழுக்கள் நிறைய. கிண்ணத்தில் வாய் வைக்காமல் நெற்றிக்கு உயர்த்திவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சளிக் காலத்தில் அதுவே உத்தமம். ரொட்டியில் பாதாம், முந்திரி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். அரையிருட்டில் தட்டு கைமாறும்போது யாருக்கும் தெரியாது.

பீடத் துணியில் சொட்டிய மெழுகை நகத்தால் பிய்க்க வேண்டாம், நூல் எழும்பிவிடும். துணியை அரைமணி ஃப்ரீசரில் வைத்து மேலே இருப்பதை உடைத்து எடுங்கள். மிச்சத்துக்கு மேலும் கீழும் பழுப்புக் காகிதம் வைத்து, நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். காகிதம் மெழுகைக் குடிக்கும், இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும். சிவப்பு, கறுப்பு மெழுகுவத்திச் சாயம் மட்டும் போகாது. அதனால்தான் அனுபவப்பட்ட குழுக்களில் பீடத் துணி கறுப்பாகவே இருக்கும்.