சான் ஹோசேயில் கொல்லைப்புறத்தில் சிறு வீடு கட்டிக் குறைந்த வாடகைக்கு விட முடியுமா?

கொன்றைமரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் 1960-களில் கட்டப்பட்ட தனி வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். பின்புறம் காலியாகக் கிடக்கும் இடத்தில், ஊரில் அவுட்ஹவுஸ் என்போமே, அதுபோல் ஒரு படுக்கையறையும் சமையலறையும் கொண்ட சிறு வீட்டைக் கட்ட நினைக்கிறோம். இங்கே இதனை ஏ.டி.யூ. என்கிறார்கள். என் மகளின் பாலர் பள்ளி ஆசிரியை மொடெஸ்டோவிலிருந்து ஆல்டமான்ட் கணவாயைத் தாண்டி நாள்தோறும் காரில் வந்துபோகிறார். அவரைப் போன்ற ஒருவர் தம் சம்பளத்துக்குள் கொடுக்கக்கூடிய வாடகைக்கு அவ்வீட்டை விடவேண்டும் என்பதே எங்கள் விருப்பம். ஆனால் கட்டுமானச் செலவைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. அனுமதி பெறுவது கடினமா? செலவைக் குறைக்க வழியுண்டா? அரசு ஏதேனும் உதவுகிறதா?

தச்சன்மகன்:

மூன்றாண்டுகளுக்கு முன் நாங்கள் கட்டினோம். அனுமதியைப் பற்றி அஞ்சவேண்டாம். 2016-லும் 2019-லும் மாநிலம் இயற்றிய சட்டங்களின்படி, முழுமையான விண்ணப்பம் கிடைத்த 60 நாட்களுக்குள் நகராட்சி முடிவு சொல்லியாக வேண்டும்; அக்கம்பக்கத்தாரைக் கூட்டி விசாரணை நடத்தும் வழக்கம் இதற்குக் கிடையாது. பக்கவாட்டிலும் பின்புறத்திலும் 4 அடி விட்டால் போதும். பரப்பளவு 750 சதுர அடிக்குள் இருந்தால், சாலை, பூங்கா போன்ற பொது வசதிகளுக்காகப் புதுக் கட்டடங்களிடம் வாங்கும் வளர்ச்சிக் கட்டணங்கள் விதிக்கப்படமாட்டா. இதற்காகவே எங்கள் 800 சதுர அடி வரைபடத்தை 740-ஆகச் சுருக்கினோம்.

எங்களுக்குப் பணம் கரைந்தது மண்ணுக்கடியில்தான். பழைய கழிவுநீர்க் குழாய் விரிசல் விட்டிருந்ததும், 100 ஆம்பியர் மின்பலகை இரண்டு வீடுகளுக்குப் போதாது என்பதும் அடித்தளம் தோண்டிய பிறகே தெரியவந்தன. இரண்டும் மதிப்பீட்டில் இல்லை. ஆகவே வரைபடத்துக்குப் பணம் கொடுக்கும் முன்பே குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: இம்மாநிலத்தில் வீட்டு விரிவாக்க ஒப்பந்தங்களுக்கு முன்பணமாக மொத்தத் தொகையில் 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக்கூடாது. இதை அறியாமல் பெருந்தொகையை முதலிலேயே கொடுத்த என் நண்பர், ஒப்பந்ததாரர் தொழிலை மூடிவிட்டுப் போனபின் வெறும் அடித்தளத்தோடு நிற்கிறார். அவர் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

வரைபடமேசை:

வேறொரு நகரின் திட்டமிடல் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வரைபடங்களை 2025 ஜனவரி 1-க்குள் எல்லா நகரங்களும் ஏற்பாடு செய்யவேண்டும் என்று 2023-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறுகிறது; சான் ஹோசே அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால் வரைபடச் செலவும் காத்திருப்பும் குறையும். உங்களிடம் கார் கொட்டகை இருந்தால் அதனை வீடாக மாற்றுவதையும் எண்ணிப்பாருங்கள். சுவரும் கூரையும் ஏற்கெனவே நிற்கின்றன, இழந்த வாகன நிறுத்தத்துக்கு ஈடாக வேறிடம் காட்டவேண்டியதில்லை, புதிதாகக் கட்டும் தனி வீட்டுக்குக் கட்டாயமான சூரியமின் தகடுகளும் தேவைப்படா.

ஆனால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதால் மட்டும் வாடகை குறைந்துவிடாது. மிச்சம் உரிமையாளரிடமே தங்கிவிடுகிறது. குறைந்த வாடகைதான் நோக்கம் என்றால், கொடுக்கும் உதவியோடு அந்த நிபந்தனையும் சேர்ந்தே வரவேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் எல்.ஏ. மாஸ் என்ற தொண்டு நிறுவனம், குறைந்த வருமானத்தினருக்கு அரசு கொடுக்கும் வாடகை உதவிச் சீட்டு பெற்றவர்களுக்குக் குறைந்தது 5 ஆண்டுகள் விடுவோம் என்று உறுதியளித்த உரிமையாளர்களுக்குத் திட்டமிடுவதிலிருந்து கட்டி முடிப்பது வரை துணைநின்றது. மாநில வீட்டுநிதி முகமை ஆரம்பச் செலவுகளுக்கு 40,000 டாலர் வரை கொடுத்த மானியமோ விரைவிலேயே தீர்ந்துபோனது. என்னிடம் வருவோரில் பெரிய மதிப்புள்ள வீடும் சிறிய ஓய்வூதியமும் உடைய முதியவர்கள் பலர். இடமும் மனமும் இருந்தும் வங்கி அவர்களுக்குக் கடன் தருவதில்லை. வீட்டை விற்கும்போது திருப்பிச் செலுத்தினால் போதும் என்ற முறையில், வாடகை வரம்போடு நகராட்சிகள் கடன் கொடுக்க முன்வராத வரை, சட்டம் திறந்துவிட்ட கதவு வசதியுள்ளோருக்கே பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தொகை:

கணக்குப் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சொத்து வரி, புதிதாகக் கட்டிய பகுதியின் மதிப்புக்கு மட்டுமே கூடும். பழைய வீட்டின் மதிப்பீடு சொத்து வரி உயர்வுக்கு வரம்பு கட்டி 1978-இல் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவின்படி அப்படியே தொடரும். நல்லெண்ணத்தோடு வாடகையைக் குறைப்போர் அறியவேண்டிய செய்தி வேறொன்று: சந்தை நிலவரத்துக்குக் கீழே வாடகைக்கு விட்ட நாட்களை நீங்கள் சொந்தமாகப் பயன்படுத்திய நாட்களாகவே கூட்டரசின் வருமானவரித் துறை கருதக்கூடும், அப்போது செலவுகளைக் கழிப்பதற்கு வரம்பு வந்துவிடும். வாடகை உதவிச் சீட்டு உடையவருக்கு விட்டால், அவர் தம் வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைக் கொடுக்க, எஞ்சியதை வீட்டுவசதி ஆணையம் நேரடியாக உங்களுக்குச் செலுத்தும். ஆசிரியையிடம் அச்சீட்டு இல்லையென்றால், எவ்வளவு குறைப்பது என்பதை ஒப்பந்தம் எழுதும் முன் வரிக் கணக்காளரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

கொன்றைமரம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கார் கொட்டகையை இன்று அளந்து பார்த்தேன்; 20 அடிக்கு 20 அடி இருக்கிறது, ஒருவருக்குத் தாராளம். அடுத்த வாரம் குழாய்க்குள் கேமரா விட ஆள் வருகிறார். கடன் குறித்து வரைபடமேசை எழுதியதை எங்கள் வட்டார நகரமன்ற உறுப்பினருக்கு எழுத விரும்புகிறேன். தங்கள் சம்மதம் வேண்டும்.