புதுப்பிப்பு: வீட்டுக்குள் எழுத்துப் பாண்டி ஆடியதில் கொம்பெழுத்துத் தடுமாற்றம் குறைந்தது

மழை நாள்களில் வீட்டுக்குள் ஓடியாடிக்கொண்டே வாசிப்பதற்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்றும், ஆறு வயது மகள் கொம்பு வரும் எழுத்துகளில் தடுமாறுகிறாள் என்றும் சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில் துண்டுச்சீட்டுப் புதையல் வேட்டையை முயன்றோம். அவள் சீட்டை வாசிக்காமலேயே அலமாரியைக் கிளறத் தொடங்கியதால் இரண்டே நாளில் நிறுத்திவிட்டேன். கைகொடுத்தது எழுத்துப் பாண்டிதான். கூடத்தில் எட்டுத் தாள்களைக் கட்டங்களாகப் பரப்பி, கெ, கே, கொ, கோ போன்ற எழுத்துகளைத் தாள் நிறையப் பெரிதாக எழுதி, சில்லு விழுந்த எழுத்தில் தொடங்கும் சொல்லட்டை ஒன்றை வாசித்த பிறகே நொண்டியடிக்கலாம் என்று விதி வைத்தோம். தாள் நழுவி ஒருமுறை சறுக்கிவிட்டாள். ஆகவே நான்கு ஓரங்களிலும் டேப் ஒட்டுவது கட்டாயம்.

நான் சற்றும் எதிர்பாராதது மூன்றாம் வாரத்தில் நடந்தது. இடக்காலைக் கொம்பிலும் வலக்காலைத் துணைக்காலிலும் ஊன்றி நின்றுகொண்டு, “நடுவுல ‘க’ இருக்கும்மா, ரெண்டு பக்கமும் சேந்தாதான் ‘கொ’” என்றாள். அதன்பின் கொடி, கோழி இரண்டையும் தயங்காமல் வாசிக்கிறாள். ‘லை’, ‘ளை’ வேறுபாடு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.