டிசல்யூஷன் டெஸ்டர் ஊசிக்கு எஃப்இஆர் (காப்புரிமை அலுவலகத்தின் முதல் பரிசோதனை அறிக்கை) வந்திருக்கிறது, பேட்டன்ட் சட்டப் பிரிவு 3(எஃப்) போட்டிருக்கிறார்கள். பதில் எழுதலாமா, விட்டுவிடலாமா?

வசாய் பட்டறை:

எல்லோருக்கும் வணக்கம். வசாயில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். மருந்து கம்பெனி லேப்களுக்கு, மாத்திரை எப்படிக் கரைகிறது என்று பார்க்கிற டிசல்யூஷன் டெஸ்டரின் பேடில் (கலக்குகிற துடுப்பு), பாஸ்கெட், மூடி, சேம்பிள் ஊசி எல்லாம் கடைந்து கொடுக்கிற தொழில். ஊர் நாசரேத் பக்கம், மும்பை வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சொந்தமாக, தானாகச் சேம்பிள் எடுக்கிற ஒரு ஆட்டோ சேம்ப்ளர் செய்து என் பெயரிலேயே காப்புரிமைக்குப் போட்டிருந்தேன். எக்ஸாமினர் ரிப்போர்ட் வந்து ஐந்து மாதம் ஓடிவிட்டது, பதில் இன்னும் எழுதவில்லை.

என் மெஷின் இதுதான். ஆறு வெசல், ஒவ்வொன்றிலும் 900 மில்லி மீடியம் (மாத்திரையைக் கரைக்கிற திரவம்), 37 டிகிரி, பேடில் சுற்றுகிறது. மாத்திரை போட்டதும் குறித்த நேரங்களில் சேம்பிள் எடுக்க வேண்டும். யுஎஸ்பி (அமெரிக்க மருந்துத் தர நூல்) சொல்கிற இடம் தெரியும்தானே: திரவத்தின் மேல்மட்டத்துக்கும் பேடில் தகட்டின் மேல் விளிம்புக்கும் நடுவில், வெசல் சுவரிலிருந்து 1 சென்டிமீட்டராவது தள்ளி. ஊசியை 900 மில்லிக்கு ஒருமுறை செட் செய்து விட்டுவிடுகிறார்கள். மருந்தை மெதுவாக விடுகிற எக்ஸ்டெண்டட் ரிலீஸ் மாத்திரைக்குப் பன்னிரண்டு முறை பத்துப் பத்து மில்லி எடுத்து, திரும்ப ஊற்றாமல் விட்டால் 120 மில்லி போயிற்று. வெசல் உள்விட்டம் 10 சென்டிமீட்டர் என்று வைத்தால் மட்டம் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கும், ஊசி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். அடுத்த நாள் 500 மில்லி மெத்தட் என்றால் ஊசியின் ஸ்டாப்பர் வளையத்தை மாற்ற மறக்கிற பையன்களும் உண்டு. என் ஊசி கீழே இறங்கும்போது நுனி திரவத்தைத் தொட்டதும் மேல்மட்டம் எங்கே என்று அறிந்துகொண்டு, பாதி தூரத்தைக் கணக்குப் போட்டு அங்கே போய் நிற்கும்.

எக்ஸாமினர் இரண்டு பழைய பேட்டன்ட்களைக் காட்டியிருக்கிறார். டி1 தானாக இறங்கும் ஊசி உள்ள டிசல்யூஷன் சேம்ப்ளர். டி2 ரத்தப் பரிசோதனை மெஷினில் திரவ மட்டத்தை உணர்கிற பிப்பெட். இரண்டையும் சேர்த்தால் என்னுடையது வந்துவிடுமாம், அதனால் 2(1)(ஜேஏ) கேட்கிற இன்வென்டிவ் ஸ்டெப் (துறை தெரிந்தவருக்கும் எளிதில் தோன்றாத புதுமை) இல்லை, 3(எஃப்) படி தெரிந்த கருவிகளை அடுக்கியது மட்டுமே, ஏழாவது கிளெய்ம் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்கிற வரி) 3(கே), அதாவது வெறும் கணக்கு. ரத்த மெஷினுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்கள்? ஃபைல் செய்ய 1600, எக்ஸாமினேஷனுக்கு 4000 என்று அரசுக் கட்டணம் அதிகமில்லை, ஏஜென்ட்டுக்குக் கொடுத்ததுதான் வலிக்கிறது. அவரும் "ஆர்க்யுமென்ட் எழுதிப் பார்ப்போம்" என்பதோடு சரி.

ஆன்டாப் ஹில் பஸ் ஸ்டாப்:

பேட்டன்ட் ஏஜென்ட் வேலைதான் எனக்கும். உங்கள் ஃபைலைப் பார்க்காமல் சொல்கிறேன், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேதி. எஃப்இஆர் தேதியிலிருந்து ஆறு மாதம். அது முடிவதற்குள் ஃபார்ம் 4 போட்டால் மூன்று மாதம் கூடுதலாகக் கிடைக்கும், அதற்குத் தனிக் கட்டணம். கோட்டை விட்டால் 21(1)ன்படி நீங்களே கைவிட்டதாக ஆகிவிடும், எக்ஸாமினர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

3(எஃப்) பயப்படுகிற அளவுக்கு இல்லை. தெரிந்த சாதனங்கள் ஒவ்வொன்றும் மற்றதைச் சாராமல், தெரிந்த வேலையைத் தன் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தால்தான் அந்தப் பிரிவு. உங்கள் சென்சார் சொல்கிற மட்டம்தான் ஊசி எவ்வளவு இறங்க வேண்டும் என்று முடிவு செய்கிறது, ஒன்று இல்லாமல் மற்றது வேலை செய்யாது. இதை நாலு வரியில் எழுதினால் போதும்.

கஷ்டம் 2(1)(ஜேஏ)வில் இருக்கிறது. கோபப்படாதீர்கள், எக்ஸாமினர் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கே சேம்பிள் எடுக்க வேண்டும் என்று யுஎஸ்பியே சொல்லிவிட்டது. ஊசியை இறக்க டி1 சொல்லிக்கொடுத்தது, மட்டத்தைக் கண்டுபிடிக்க டி2. "ரத்த மெஷின் வேறு துறை" என்பது நிற்காது, ஊசி நுனி எப்போது திரவத்தைத் தொடுகிறது என்பது இரண்டு இடத்திலும் ஒரே பிரச்சினை. இந்த மாதிரிக்கு எல்லோரும் மேற்கோள் காட்டுகிற கேஸ் 1978ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிஸ்வநாத் பிரசாத் வழக்கு. பாத்திரத்தை லேத்தில் பிடித்துக் கடைகிற முறைக்கு வாங்கியிருந்த பேட்டன்ட், அதிலே டெயில்ஸ்டாக் (லேத்தில் பொருளின் மறுமுனையைத் தாங்குகிற பாகம்) சேர்த்ததெல்லாம் பட்டறைக்காரன் செய்கிற சாதாரண மேம்பாடுதான் என்று சொல்லி ரத்து செய்தார்கள். உங்கள் லேத் ஆளிடம் கேட்டால் அவரே தீர்ப்புச் சொல்வார்.

ஒன்று கேட்கிறேன். டி2வில் இல்லாத தலைவலி ஏதாவது டிசல்யூஷன் வெசலில் உண்டா? நீங்கள் அதற்காக ஏதாவது செய்தீர்களா?

கோரேகாவ் க்யூசி:

நான் ஏஜென்ட் இல்லை, ஒரு லேபில் டிசல்யூஷன் பார்க்கிறவள். தலைவலிக்குக் குறைவே இல்லை. எடுத்த வால்யூமுக்குக் கணக்கில் கரெக்‌ஷன் எல்லோரும் போடுகிறோம், ஆனால் மட்டம் இறங்கினதற்கு ஊசியை இறக்குவதை நான் ஒரு இடத்திலும் பார்த்ததில்லை. அந்த ஒன்றரை சென்டிமீட்டரில் பாதி, ஏழெட்டு மில்லிமீட்டர், ரிசல்ட்டை எவ்வளவு மாற்றும் என்று எக்ஸாமினர் கேட்டால் கையில் டேட்டா இருக்கிறதா அண்ணாச்சி?

அதைவிட எனக்குப் பெரிய சந்தேகம் எஸ்எல்எஸ். தண்ணீரில் கரையாத மருந்துக்கு மீடியத்தில் எஸ்எல்எஸ் (சோப்பு மாதிரி நுரைக்கிற ரசாயனம்) போடுகிறோம். பேடில் சுற்றச் சுற்ற மேலே நுரை கட்டும், துணி ஊறப்போட்ட பக்கெட் மாதிரி இருக்கும். உங்கள் ஊசி நுரையைத் தொட்டு அதுதான் தண்ணீர் என்று நினைத்துவிடாதா? ஒரு தடவை லெவல் சென்சார் உள்ள ஒரு கருவியை டெமோவுக்குக் கொண்டுவந்தார்கள், நுரையிலேயே நின்று காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது, சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்னொன்று, கிளெய்மில் "அப்பரேட்டஸ் 2" என்று எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். யுஎஸ்பியில் 1 பாஸ்கெட், 2 பேடில். பழைய ஐபி (இந்திய மருந்துத் தர நூல்) பதிப்புகளில் தலைகீழாக 1 பேடில், 2 பாஸ்கெட்.

வசாய் பட்டறை:

மேடம், நுரையை ஏன் கேட்டீர்கள்! அதில்தான் எட்டு மாதம் போயிற்று. முதல் மாடலில் ஒரே பின், நீங்கள் சொன்ன மாதிரி நுரையிலேயே நின்றுவிடும். அப்புறம் ஊசியோடு இரண்டு பின் வைத்தேன், ஒன்று மற்றதைவிட 4 மில்லிமீட்டர் நீளம். நுரையில் குமிழி உடைய உடையக் கரண்ட் துடித்துக்கொண்டே இருக்கும், மீட்டர் முள் நடுங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். திரவத்துக்குள் போய்விட்டால் துடிப்பு நின்றுவிடும். நீளப் பின் அரை செகண்டு அமைதியாக இருந்து, அடுத்து குட்டைப் பின்னும் தொட்டு அமைதியானால்தான் அதை மேல்மட்டமாக எடுத்துக்கொள்ளும், அதுவரை கணக்கே போடாது. இது எல்லாம் ஸ்பெசிபிகேஷனில் (விண்ணப்பத்தின் விவரப் பகுதி) பதினொன்றாம் பக்கத்தில் ஒரு பாரா இருக்கிறது. கிளெய்மில் இல்லை, "லெவல் சென்சிங் மீன்ஸ்" என்று மட்டும் ஏஜென்ட் எழுதினார், பரந்து இருந்தால்தான் நல்லது என்றார்.

நீங்கள் சொன்ன மாதிரியே "அப்பரேட்டஸ் 2" என்றுதான் இருக்கிறது. எக்ஸாமினரும் தெளிவில்லை என்று 10(5) போட்டிருக்கிறார், அது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது. டேட்டா கொஞ்சம் இருக்கிறது, ஒரு கஸ்டமர் லேபில் ஓட்டிப் பார்த்தது.

ஆன்டாப் ஹில் பஸ் ஸ்டாப்:

அண்ணாச்சி, எட்டு மாதம் எதற்குப் போயிற்றோ அதுதான் உங்கள் கண்டுபிடிப்பு. பாதி தூரம் இறங்குவது யுஎஸ்பி சொன்னதை ஒரு மோட்டார் செய்வது, அவ்வளவுதான். முதல் கிளெய்மை அப்படியே காப்பாற்றப் பார்க்காதீர்கள். நீள வித்தியாசமுள்ள இரண்டு பின், கரண்ட் துடிப்பு நிற்கும்வரை காத்திருப்பது, இரண்டும் அமைதியான பிறகே ஆழத்தைக் கணக்கிடுவது, இந்த மூன்றையும் முதல் கிளெய்முக்குள் கொண்டுவாருங்கள். பிரிவு 59 இதை அனுமதிக்கும்: ஸ்பெசிபிகேஷனில் ஏற்கனவே இருக்கிறது, கிளெய்ம் குறுகுகிறதே தவிர விரிவதில்லை. டி2 நுரையைப் பற்றிப் பேசுகிறதா என்று வரி வரியாகப் படித்துப் பாருங்கள். ரத்த மெஷினில் பொதுவாகப் பிப்பெட்டை மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துவார்கள், வெளிப்பக்கம் அதிகம் நனைந்தால் அடுத்த சேம்பிளுக்கு ஒட்டிக்கொண்டு போகும் என்று. டி2விலும் அப்படி எழுதியிருந்தால் அதை எடுத்துக் காட்டுங்கள், ஆழமாகப் போகாதே என்று சொல்கிற ஆவணத்திலிருந்து நடு ஆழத்துக்கு யாரும் வர மாட்டார்கள்.

டேட்டாவை இணைக்கலாம், ஆனால் ஸ்பெசிபிகேஷனில் சொன்ன பலனை நிரூபிக்க மட்டும். புதிதாக ஒரு பலனை இப்போது கொண்டுவந்து நுழைக்க முடியாது. ஏழாவது கிளெய்ம் வெறும் கணக்கு என்றால் தூக்கிவிடுங்கள். 3(கே) பற்றிய ஃபெரித் அல்லானி வழக்கில் 2019ல் டெல்லி உயர் நீதிமன்றம் தொழில்நுட்ப விளைவு இருந்தால் பார்க்கச் சொன்னது உண்மைதான், ஆனால் கையில் பின்னும் மோட்டாரும் இருக்கும்போது அந்தச் சண்டை எதற்கு.

இப்போது பயமான கேள்வி. முதலில் ப்ரொவிஷனல் (முழு விண்ணப்பமான கம்ப்ளீட்டுக்கு முன் போடுகிற தற்காலிக விண்ணப்பம்) போட்டீர்களா? மெஷினை வெளியே எங்கேயாவது காட்டினீர்களா?

வசாய் பட்டறை:

ப்ரொவிஷனல் போட்டு பதினோராவது மாதம் கம்ப்ளீட் போட்டோம். நடுவில் கோரேகாவ் கண்காட்சியில் ஸ்டால் போட்டு எல்லோருக்கும் ஓட்டிக் காட்டினேன். எஸ்எல்எஸ் கலந்து நுரையோடுதான் காட்டினேன், அதுதானே கூட்டம் சேர்த்தது.

ஆன்டாப் ஹில் பஸ் ஸ்டாப்:

அதைத்தான் கேட்டேன். ஒவ்வொரு கிளெய்முக்கும் முன்னுரிமைத் தேதி (எந்த நாளை வைத்துப் புதுமையைப் பார்ப்பார்களோ அந்தத் தேதி) தனி. நுரைச் சமாசாரம் ப்ரொவிஷனலில் இருந்தால் பிரிவு 33 காப்பாற்றும், ப்ரொவிஷனலில் விவரித்ததை அதற்கு அப்புறம் நீங்கள் வெளியிட்டதை வைத்து மறுக்க முடியாது. கம்ப்ளீட்டில்தான் முதன்முதலாக வந்தது என்றால் உங்கள் ஸ்டாலே உங்களுக்கு எதிரான சாட்சி. கண்காட்சிக்கு விலக்கு உண்டே என்று யாராவது சொல்வார்கள், அது மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிக்கு. சாதாரண வியாபாரக் கண்காட்சிக்கு இல்லை. இன்றைக்கே ப்ரொவிஷனலை எடுத்துப் பாருங்கள்.

சயான் சித்தப்பா:

குறுக்கே வருகிறேன். எங்கள் தம்பி ஒருவன் இதே மாதிரி ப்ரொவிஷனல் என்று இரண்டு பக்கம் எழுதிப் போட்டுவிட்டு ஊரெல்லாம் டெமோ காட்டினான். அந்த இரண்டு பக்கத்தில் "ஒரு நல்ல இயந்திரம்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. உங்களுடையது எத்தனை பக்கம்?

வசாய் பட்டறை:

நேற்று ராத்திரி விரார் ஃபாஸ்ட்டில் நின்றுகொண்டே போனில் திறந்து பார்த்தேன், கை நடுங்கியது உண்மை. மொத்தம் ஆறு பக்கம். எழுத்தில் நுரைக்கு ஒரே வரிதான்: "நுரையால் ஏற்படும் நிலையற்ற மின்னோட்டம் அடங்கிய பிறகே மட்டம் பதிவாகும்" என்கிற பொருளில் இங்கிலீஷில். ஆனால் மூன்றாம் படத்தில் இரண்டு பின் தெளிவாக இருக்கிறது, ஒன்று நீளம், ஒன்று குட்டை, பக்கத்திலேயே 4 என்று அளவு. பட்டறையில் பேப்பரில் கையால் வரைந்ததை ஏஜென்ட் அப்படியே ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார். அசிங்கமாக இருக்கிறதே, திரும்ப வரையலாமா என்று அன்றைக்குக் கேட்டு, காசு அதிகமாகும் என்று விட்டுவிட்டேன்.

அரை செகண்டு என்கிற எண் மட்டும் ப்ரொவிஷனலில் இல்லை.

ஆன்டாப் ஹில் பஸ் ஸ்டாப்:

பிழைத்தீர்கள். அரை செகண்டை முதல் கிளெய்மில் வைக்காதீர்கள், "துடிப்பு அடங்கும்வரை" என்று ப்ரொவிஷனலில் உள்ளபடியே போகட்டும். அரை செகண்டு துணைக் கிளெய்மில் இருக்கட்டும், அதற்கு மட்டும் கம்ப்ளீட் தேதி கிடைக்கும், போனால் அது மட்டும் போகும். பதிலோடு திருத்திய கிளெய்ம் சுத்தப் பிரதி ஒன்று, மாற்றம் தெரிகிற பிரதி ஒன்று, திருத்தம் ஸ்பெசிபிகேஷனில் எந்தப் பக்கம் எந்த வரியில் இருக்கிறது என்ற குறிப்பு, மூன்றும் போக வேண்டும். கடைசிக் குறிப்பை எழுதாமல் விடுகிறவர்கள் அதிகம், எக்ஸாமினர் தேடிக்கொண்டிருக்க மாட்டார். அதற்கு அப்புறமும் திருப்தி இல்லை என்றால் ஹியரிங் வைப்பார்கள், வீடியோவில்தான். முடிவெடுக்கிற கன்ட்ரோலர், மும்பை காப்புரிமை அலுவலகம் இருக்கிற ஆன்டாப் ஹில்லில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஹியரிங் முடிந்து பதினைந்து நாளில் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதையும் குறித்துவையுங்கள்.

கோரேகாவ் க்யூசி:

அண்ணாச்சி, வெறும் சுத்திகரித்த தண்ணீர் மீடியமாக இருந்தால் கரண்ட் போகுமா? எங்களிடம் அப்படி இரண்டு மெத்தட் இருக்கிறது.

வசாய் பட்டறை:

பஃபரிலும் 0.1 என் ஆசிட்டிலும் ஜம்மென்று போகும். சுத்தத் தண்ணீரில் மிகக் கொஞ்சம்தான், ஆம்ப்ளிஃபையரில் கெயினை ஏற்றினால் பிடிக்கும், அது கம்ப்ளீட்டில் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. பஸ் ஸ்டாப் சார், எந்த மீடியத்துக்கும் என்று கிளெய்மில் எழுதியிருப்பதை விட்டுவைக்கலாமா?

ஆன்டாப் ஹில் பஸ் ஸ்டாப்:

"மின்சாரம் கடத்தும் கரைப்பு மீடியம்" என்று மாற்றுங்கள். சுத்தத் தண்ணீருக்கு கெயின் உள்ள துணைக் கிளெய்ம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மாதுங்கா பக்கம் வந்தால் எஃப்இஆரைக் கொண்டுவாருங்கள், டி2வை உட்கார்ந்து படிக்கலாம். அதற்கு முன்னால் ஃபார்ம் 4 போடுகிற கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள்.