அகலத்தை அளந்துவிட்டு முத்திரையைத் தேடுங்கள்

கைமாறி வந்த பழைய ராணுவச் சாமான்களில் துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியான ஒரு பயனெட்டும் அதன் ஃபிராக்கும் இருந்தன. கத்தி உறையை இடுப்புப் பெல்ட்டில் தொங்கவிடும் துணிமாட்டிதான் ஃபிராக். இரண்டையும் சேர்த்து ‘முதல் உலகப் போர், பிரிட்டிஷ்’ என்று யாரோ சீட்டு எழுதிக் கட்டியிருந்தார்கள். கத்தியைப் பார்த்தே முடிவுகட்டியிருப்பார்கள். கத்தி 1907இல் வகுத்த பிரிட்டிஷ் மாதிரிதான், அலகு 17 அங்குலம், சந்தேகமில்லை. ஆனால் கத்தி ஒரு காலம், மாட்டி ஒரு காலம் என்று சேர்ந்து கிடப்பது இந்தப் பொருள்களில் சர்வசாதாரணம்.

சிப்பாய்கள் அணிந்த தடித்த பருத்தி வார்த்தொகுதிதான் வெப்பிங். அதன் 1908 மாதிரியில் பெல்ட் 3 அங்குல அகலம். 1937 மாதிரிக்கு 2¼ அங்குலம்தான். இந்த மாட்டியின் வளையத்தில் அகலமான பெல்ட்டை மடிக்காமல் நுழைக்கவே முடியவில்லை. அங்கேயே வழக்கு தீர்ந்தது, இது முதல் உலகப் போர்க்கால மாட்டி அல்ல. துணியும் மெலிது, நெசவும் தளர்வு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் தயாரானவற்றில் இதைப் பார்க்கலாம். சிப்பாய்கள் வெப்பிங்கில் பூசும் நிறப்பசையான பிளாங்கோ அப்பியிருந்ததால் முத்திரை முதலில் தெரியவில்லை. விளக்கைப் பக்கவாட்டில் வைத்துச் சாய்த்துப் பிடித்ததும் அரசுச் சொத்தைக் குறிக்கும் அம்புக்குறியும், இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தும் எழும்பி வந்தன. தயவுசெய்து யாரும் பூச்சைக் கழுவிவிடாதீர்கள். சிப்பாய் பூசியது அது.

*

மாட்டியைப் பற்றி நீங்கள் எழுதிவிட்டீர்கள், கத்தியைப் பற்றி நான் சொல்கிறேன், ஐயா. அலகின் அடியில் 1907 என்று இருப்பதைக் காட்டி, அந்த ஆண்டிலேயே செய்தது என்று என்னிடம் ஒருவர் அடித்துப் பேசினார். அது மாதிரியின் ஆண்டு. தயாரித்த மாதமும் ஆண்டும் அதற்குக் கீழே சிறிய எண்களில் இருக்கும். அவருடைய கத்தியில் இருந்தது 1917!

பிடிக்கும் அலகுக்கும் நடுவேயுள்ள குறுக்குக் கம்பியில் வளைந்த கொக்கி இருந்தால் 1913க்கு முந்தைய வடிவம். கொக்கி இல்லாவிட்டால் பிந்தையது என்று சொல்லிவிட முடியாது, பழையவற்றிலும் பின்னாளில் வெட்டி எடுத்திருக்கிறார்கள். பிடியின் முனையில் அழுக்கு வெளியேறும் துளை 1916இல் வந்தது. அதையும் பழைய கத்திகளில் போட்டார்கள் என்பதால், துளையை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள்.

*

முத்திரையைப் பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். அம்பு என்றதும் பிரிட்டன் என்று முடித்துவிட வேண்டாம். அம்பைச் சுற்றி ‘சி’ எழுத்து இருந்தால் கனடா. இரண்டு ‘டி’ எழுத்துகளுக்கு நடுவே அம்பு நின்றால் ஆஸ்திரேலியா. மாட்டியில் வளையமே இல்லாமல், பெல்ட்டின் கண்ணிகளில் மாட்டும் கம்பிக்கொக்கி இருந்தால் அமெரிக்கப் பக்கம் தேடுங்கள்.

புற ஊதா விளக்கைப் பெரிதாக நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய செயற்கை இழைத் தையல் அதில் பளிச்சென்று மின்னும், உண்மைதான். ஆனால் நவீன சலவைத்தூளில் துவைத்த அசல் பருத்தியும் மின்னும். என்னிடம் உள்ள ஒரு தோட்டாப்பை அப்படித்தான் நீலமாக ஒளிர்கிறது. அதன் பித்தளைப் பூட்டைச் சுற்றித் துணிக்குள் ஊறிய பச்சைக் களிம்போ பல பத்தாண்டுப் பழையது.

முதலில் எழுதியவர் அந்த மாட்டியின் பின்பக்கத் தையலையும் படமெடுத்துப் போட்டால் நல்லது.